கூலிங் கிளாஸுக்கு ஒரு மூக்கணாங்கயிறு

கண்ணாடிக் கயிறு என்றால் நம் ஊரில் இரண்டு பேர்தான் நினைவுக்கு வருவார்கள். படிக்கிற கண்ணாடியை மார்பில் தொங்கவிட்டபடி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் தலைமையாசிரியை ஒருவர். மலையேற்ற விளம்பரத்தில் பல்லைக் காட்டி நிற்கும் இளைஞர் இன்னொருவர். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. தூத்துக்குடியில் கப்பல் சரக்குக்கு அளவெடுக்கும் வேலை எனக்கு. டிராஃப்ட் சர்வே என்பார்கள்.

நிலக்கரி ஏற்றி வரும் கப்பலைத் தராசில் நிறுத்த முடியாது. சரக்கு இறங்குவதற்கு முன்னும் பின்னும் கப்பல் எவ்வளவு ஆழம் தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை வைத்து எத்தனை டன் இறங்கியது என்று கணக்குப் போடுவோம். முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடம். இரண்டு புறமும் சேர்த்தால் ஆறு. அங்கெல்லாம் கப்பலின் உடம்பில் எண்கள் எழுதியிருக்கும். மீட்டர் கணக்கென்றால் ஒவ்வொரு எண்ணும் 10 சென்டிமீட்டர் உயரம். எண்ணின் அடிதான் அளவு. கரையை ஒட்டிய பக்கத்தைத் தளத்தில் நின்றே பார்த்துவிடலாம். கடல் பக்கத்துக்குப் படகில் போக வேண்டும், இல்லையென்றால் கயிற்றேணியில் பாதி இறங்கித் தொங்கியபடி பார்க்க வேண்டும். அலை ஏறி இறங்கும். ஏறும்போது எவ்வளவு, இறங்கும்போது எவ்வளவு என்று பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். பெரிய நிலக்கரிக் கப்பலில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் 60 டன் போல மாறிவிடும். கண் கூசுகிறது என்று சாக்குச் சொல்ல முடியாத வேலை.

அதனால்தான் கூலிங் கிளாஸ். அதிலும் பவர் போட்ட, போலரைஸ்டு கூலிங் கிளாஸ். தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும் ஒளி. வெயில் நேர்குத்துக் கோட்டிலிருந்து 53 டிகிரி போலச் சாய்ந்து விழும்போது, தெறிக்கும் ஒளி முழுக்கவே அப்படி ஆகிவிடும். அந்த அதிர்வை மட்டும் தடுப்பதுதான் போலரைஸ்டு லென்ஸின் வேலை. 1929இல் எட்வின் லேண்ட் என்ற அமெரிக்க இளைஞர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த படலத்தின் வழியில் வந்தது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே மாதிரி மங்கலாக்கும். இது தகதகப்பை மட்டும் எடுத்துவிடும். தண்ணீர் தெளிந்திருந்தால் மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருக்கும் எண்ணைக்கூடப் படித்துவிடலாம்.

தொந்தரவும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. என் கைபேசி, டேப்லெட், கப்பலின் சமநிலைக்காகத் தண்ணீர் ஏற்றி இறக்குவதைக் கவனிக்கும் பேலஸ்ட் அறையில் இருக்கும் திரை எல்லாமே எல்சிடி வகை. அவற்றிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரு திசையில்தான் அதிர்கிறது. போலரைஸ்டு கண்ணாடியோடு பார்த்தால் ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும். எண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். பார்த்த எண்ணைப் பதியக் கண்ணாடி கூடாது. அப்புறம் மேல்தளத்து வெயிலிலிருந்து சீஃப் ஆபிசரின் அறைக்குள் நுழைந்தால் குருட்டு இருட்டு. வெயிலில் தானாகக் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸ் போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். அது உள்ளே வந்தபின் வெளுக்கச் சில நிமிடம் எடுக்கும். சூடு அதிகமானால் சரியாகக் கறுக்கவும் செய்யாது. சித்திரை வெயிலில் அதன் திறமை பாதிதான். ஆகவே ஒரு வேலைநாள் என்பது கழற்று, மாட்டு, கழற்று, மாட்டு. கழற்றிய கண்ணாடி எங்கே போகும் என்பதுதான் கேள்வி. கயிறு அதற்கான விடை. கீழே விழாமல் காப்பது இரண்டாவது வேலைதான் என்பது என் கட்சி.

கயிறு இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? பாதிப் பேர் தலையில் ஏற்றிக்கொள்வார்கள். நம் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கும். லென்ஸும் மூக்குத்தாங்கியும் எண்ணெயில் ஊறும். தலை அகலத்துக்குக் காதுக்கம்பிகள் விரிந்து விரிந்து கீல் தளர்ந்துபோகும். கண்ணாடிக்கடைக்காரர் ஃபிரேமைப் பார்த்த உடனே, "தலையில வைப்பீங்களோ?" என்று கேட்டுவிடுவார். மீதிப் பேர் சட்டைக் கழுத்தில் செருகுவார்கள். நிமிர்ந்து நிற்கும்வரை அழகு. குனிந்தால் போச்சு. கப்பலுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு கருத்த இடுக்கு உண்டு. அதற்குள் விழுந்ததை யாரும் திரும்ப எடுத்ததில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய புத்தம்புதுக் கண்ணாடி, கடையின் ஸ்டிக்கர்கூட உரிக்காமல், அந்த இடுக்கில்தான் இருக்கிறது. சட்டைப்பையில் வைத்தால் என்ன? லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகு பை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

நான் முதன்முதலில் கயிற்றோடு போனபோது படகுக்கார அண்ணாச்சி என்னை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என்ன சார், கண்ணாடிக்கு மூக்கணாங்கயிறு போட்டாச்சா?" என்றார். படகில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது சரியான பெயர். அதை எங்கே மாட்டுகிறோம், எவ்வளவு இழுக்கவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வரலாற்றைப் பார்த்தால் கயிறுதான் மூத்தது. காதுக்கம்பி பின்னால் வந்தது. ஆர்க்டிக் பனிவெளியில் வாழும் இனுயிட் மக்கள் மான்கொம்பு, தந்தம், கரை ஒதுங்கிய மரம் இவற்றைச் செதுக்கி, கண்ணுக்கு நேரே மெல்லிய பிளவு மட்டும் விட்டு, தோல்வாரால் தலையின் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பனியில் தெறிக்கும் வெயில் கண்ணைப் பொசுக்காமல் இருக்க. உலகின் முதல் கூலிங் கிளாஸ் அதுதான் என்றால் தகும். அதில் கண்ணாடியே இல்லை, கயிறு இருந்தது. பார்வைக்கான கண்ணாடி ஐரோப்பாவில் வந்த பிறகும் சில நூற்றாண்டுகள் அதை மூக்கில் நிறுத்துவது பெரும்பாடு. 1600ஐ ஒட்டி எல் கிரேக்கோ வரைந்த ஸ்பானியக் கார்டினல் ஒருவரின் ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிவப்பு அங்கி, கடுத்த முகம், வட்டக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் காதில் சுற்றிய கயிறுதான் பிடித்து நிறுத்துகிறது. காதுப்பக்கம் நீளும் விறைப்பான கம்பியை லண்டன் கண்ணாடிக்காரர் எட்வர்ட் ஸ்கார்லெட் விற்கத் தொடங்கியது 1720களின் கடைசியில். அதன்பின் கயிறு துணைக்கு மட்டும் என்றாகிவிட்டது.

நம் பக்கத்தில் அது துணையாகவும் இல்லை, கட்டாயமாகவே இருந்தது. எங்கள் ஆச்சிக்குக் கண்புரை அறுவை செய்த காலத்தில் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வழக்கம் எங்கள் ஊருக்கு வந்துசேரவில்லை. புரையை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக முகத்தில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டி அனுப்புவார்கள். பிளஸ் 10 போலப் பவர். நடு தடித்த அந்த லென்ஸின் கனம் முழுக்க முன்னால். குனிந்து கோலம் போட்டால் கழன்று விழும். ஆச்சி கறுப்புக் கயிறு ஒன்றை இரண்டு காதுக்கம்பியிலும் முடிந்து, கொண்டைக்கு மேலே இழுத்துக் கட்டியிருப்பாள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்ய ஆரம்பித்த பிறகு அந்தச் சோடாபுட்டிகள் மெல்ல மறைந்தன, கயிறுகளும் கூடவே. இன்றைக்குக் கடையில் விற்கும் எந்தக் கயிற்றைவிடவும் ஆச்சியின் முடிச்சு ஒரு விஷயத்தில் மேல்: கொண்டை அதற்கு ஒரு நிறுத்தம்.

இப்போது உலகம் முழுக்க விற்கும் வடிவம் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் உருவானது. வயோமிங் மாநிலத்து ஜாக்சன் ஹோலில் பனிச்சறுக்கு மீட்பு வேலை பார்த்த ராபி ஃபுல்லர், 1977இல், முக்குளிக்கும் உடைக்கான நியோப்ரீன் துணியில் ஒரு பட்டை தைத்தார். குரோக்கீஸ் என்ற பிராண்ட் அப்படி வந்தது. கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாகப் படகு விடும் வழிகாட்டியாக இருந்த மைக் டாகெட், 1983இல் பருத்திக் குழாய்த் துணியில் செய்தது சம்ஸ். ஒருவருக்குப் பனி, இன்னொருவருக்கு வெள்ளை நுரை கக்கும் குளிர்ந்த ஆறு. இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: வேகத்தில் முகத்தைவிட்டுப் பறக்காமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு வியர்வை ஒரு பிரச்சினையே இல்லை. நமக்கு அதுதான் முதல் பிரச்சினை.

நியோப்ரீன் 1930இல் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்த செயற்கை ரப்பர். அதை நுரைக்கவைத்து இரண்டு பக்கமும் துணி ஒட்டினால் முக்குளிக்கும் உடைத் துணி. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைப்பதற்கென்றே ஆன துணி அது. அதைப் பங்குனி மாதத்தில் தூத்துக்குடியில் பிடரியில் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் நாறும். சிலருக்கு அரிப்பு வரும். அதன் தயாரிப்பில் சேர்க்கும் தயோயூரியா வகை வேதிப்பொருள்கள் தோலில் ஒவ்வாமை கிளப்பக்கூடியவை. பருத்திக் குழாய் பரவாயில்லை, ஆனால் வியர்வையைக் குடித்துக் கனத்துப்போகும். உப்பு காய்ந்து விறைக்கும். உலோகச் சங்கிலி வெயிலில் சுடும். மலிவானதில் நிக்கல் இருந்தால் கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு போடும். பிடரி மயிரைப் பிடுங்குவது தனி. என் தீர்ப்பு: நம் கடற்கரைக்கு மெல்லிய பாலியெஸ்டர் பின்னல் கயிறு போதும். நைலானைவிடக் குறைவாகத் தண்ணீர் குடிக்கும், சாயங்காலம் குழாயில் அலசினால் காலைக்குள் காய்ந்துவிடும். நிறம் ஆரஞ்சு. கறுப்பு கண்ணுக்கு அழகு. தண்ணீரில் விழுந்தால் தேட முடியாது.

கயிற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நுனியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கயிறு அறுந்து நான் பார்த்ததில்லை. போவதெல்லாம் காதுக்கம்பியில் மாட்டும் நுனியில்தான்.

மூன்று விதம் உண்டு. ஒன்று, குழாய். காதுக்கம்பியின் வாலை அப்படியே உள்ளே செருகிவிடுவது. நன்றாகப் பிடிக்கும். ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குக் கம்பி தடித்துவிடும். அந்தத் தடிப்பு காதின் மடிப்பில் வந்து உட்கார்ந்தால் கண்ணாடி முகத்தில் கொஞ்சம் மேலே எழும்பும். பவர் இல்லாத கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. பவர் கண்ணாடியில் லென்ஸின் நடு உங்கள் கருவிழிக்கு நேரே இருக்கும்படி கடைக்காரர் அளந்து செய்திருப்பார். அது நகர்ந்தால் சாயங்காலம் தலைவலிக்கும். இரண்டாவது, சிலிக்கான் வளையம். பின்னால் ஒரு சுருள் அல்லது மணி நகர்ந்து இறுக்கும். எல்லாத் தடிமனுக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். தடித்த பிளாஸ்டிக் கம்பிக்குப் பொருந்தும்; மெல்லிய உலோகக் கம்பியில், வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால், வழுக்கிக்கொண்டே வந்து ஒரு நாள் நுனியைத் தாண்டிவிடும். மூன்றாவது, ஃபிரேமிலேயே துளை போட்டுக் கோர்ப்பது. எல்லாவற்றிலும் உறுதி. ஆனால் கம்பி அங்கே மெலிந்துவிடும், கயிறு வேண்டாத நாளில் கழற்றவும் முடியாது.

என் உலோகக் கம்பிக்கு நான் கண்ட வழி சைக்கிள் கடையில் இருந்தது. பழைய சைக்கிள் டியூப் வால்வில் மாட்டுவார்களே, வால்டியூப், ஊதா அல்லது கறுப்பு நிறத்தில் மெல்லிய ரப்பர்க் குழாய், முழக்கணக்கில் வெட்டித் தருவார்கள். அதில் இரண்டு சிறு துண்டு. எச்சில் தொட்டு, கம்பியில் ஏற்றி, அதன்மேல் சிலிக்கான் வளையத்தைப் போட்டால் ரப்பரின்மேல் ரப்பர். நகரவே நகராது. சில மாதத்தில் வெயிலுக்கு வெடிக்கும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடலாம்: கண்ணாடியை மாட்டி, கயிற்றின் நடுவைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதற வேண்டும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

அடுத்து நீளம். இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. மார்பில் தொங்க வேண்டுமென்றால் 65, 70 சென்டிமீட்டர் வேண்டும். முகத்தோடு இறுகியிருக்க வேண்டுமென்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கயிறு வேண்டுமென்றால் பிடரியில் நகரும் மணி அவசியம். ஏணியில் இறங்குமுன் மணியை மேலே தள்ளு, அறைக்குள் போகுமுன் கீழே இழுத்து விடு. கண்ணாடி முகத்திலிருந்து வழுக்குவது ஏன்? காது ஒரு தாங்குமுனை. லென்ஸின் கனம் முழுக்க அதற்கு முன்னால். குனியும்போது மூக்கின் உராய்வு மட்டும்தான் அதைத் தடுக்கிறது. வியர்வை அந்த உராய்வையும் தின்றுவிடுகிறது. இறுக்கிய கயிறு கம்பிகளைப் பின்னால் இழுத்து அந்தக் கணக்கைச் சரிசெய்கிறது. மணி இல்லாத கயிறுகளைக் கடைக்காரர்கள் ஏன் இன்னும் விற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு ஒரு வரி: முதலில் கண்ணாடி, அப்புறம் கயிறு, கடைசியில் தாடைப்பட்டை. மாற்றிச் செய்தால் ஹெல்மெட்டைக் கழற்றும்போது கண்ணாடியும் கூடவே வரும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் தடித்த நியோப்ரீன் குழாய் நுழைந்தால் காதோரம் அழுத்தி வலிக்கும். அங்கேயும் மெல்லிய கயிறுதான்.

மிதக்கும் கயிறு என்று ஒன்று விற்கிறார்கள். உண்மையில் மிதக்குமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம், கப்பல் மிதப்பதைக் கணக்குப் போடுகிறவன் என்பதால். சரி, போட்டுவிடுவோம். கடல்நீரின் அடர்த்தி 1.025. என் பெட்டியில் எப்போதும் இருக்கும் ஹைட்ரோமீட்டர் அளப்பது அதைத்தான். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸின் அடர்த்தி 1.2. பிளாஸ்டிக் ஃபிரேம்களில் சில 1.0க்குப் பக்கம், சில 1.3. எல்லாம் சேர்ந்து 30 கிராம் எடையுள்ள ஒரு கண்ணாடியின் கனஅளவு 25 கன சென்டிமீட்டர் என்று வையுங்கள். அது ஒதுக்கும் கடல்நீர் 25.6 கிராம். ஆகத் தண்ணீருக்குள் அதன் எடை நாலரை கிராம்கூட இல்லை. மூழ்கும், ஆனால் அவசரமில்லாமல் மூழ்கும். மிதவைக்குப் போடும் ஈவிஏ என்ற லேசான பிளாஸ்டிக் நுரையின் அடர்த்தி 0.15 என்று எடுத்தால் ஒரு கன சென்டிமீட்டர் நுரை 0.875 கிராம் தூக்கும். 5 கன சென்டிமீட்டர் இருந்தால் கண்ணாடி அந்தரத்தில் நிற்கும், 10 இருந்தால் தைரியமாக மேலே வரும். அதாவது கட்டைவிரலின் ஒரு கணு அளவுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான் வேண்டும். தூண்டில்காரர்களுக்கென்று விற்கும் தடித்த மிதவைக் கயிறுகள் தேவையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியவை.

ஆனால் பிளாஸ்டிக் இல்லாத நிஜக் கண்ணாடி லென்ஸும் உலோக ஃபிரேமுமாக இருந்தால் கதை வேறு. கண்ணாடியின் அடர்த்தி 2.5, உலோகம் 8ஐ ஒட்டி. 25 கிராம் லென்ஸும் 15 கிராம் ஃபிரேமும் சேர்ந்து ஒதுக்கும் தண்ணீர் 12 கிராம்தான். மிச்சம் 28 கிராமைத் தூக்க 32 கன சென்டிமீட்டர் நுரை வேண்டும். அதைப் பிடரியில் கட்டிக்கொண்டு யாரும் வேலை பார்க்க முடியாது. அப்படிப்பட்ட கண்ணாடியைக் கடலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்பேன். கடையில் மிதக்கும் என்று விற்கும் கயிறு உங்கள் கண்ணாடியைத் தூக்குமா என்று அறிய ஒரு வாளித் தண்ணீர் போதும். வாளியில் மிதந்தால் கடலில் இன்னும் நன்றாக மிதக்கும், உப்புநீர் கனமானது என்பதால். எங்கள் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டி வலைக்கு மிதப்பாகப் போடுவது உண்டு. அண்ணாச்சி அதில் ஒரு துண்டைக் குடைந்து என் கயிற்றில் கோர்த்துத் தந்தார். கடைச் சரக்கைவிட நன்றாகவே வேலை செய்கிறது, அழகைத் தவிர.

அண்ணாச்சியின் கண்ணில் வெள்ளைவிழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருக்கிறது. வெயிலில், கடலில் காலம் கழிப்பவர்களுக்கு வருவது. புற ஊதாக் கதிருக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கூலிங் கிளாஸ் ஏன் போடுவதில்லை என்று கேட்டால், "போட்டா கடல்ல போயிரும் சார், அதுக்கு எதுக்கு காசு?" என்பார். எனக்குத் தெரிந்த மீனவர்கள் பலர் சொல்லும் காரணம் இதுதான். இருபது ரூபாய்க் கயிறு இல்லாததால் முகத்தில் ஏறாத கண்ணாடிகள் இந்தக் கடற்கரையில் எத்தனையோ.

இதுவரை பிடிப்பதைப் பற்றிப் பேசினேன். விடுவது அதைவிட முக்கியம். கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொண்டு வின்ச், கிரேன், ஓடும் கன்வேயர் பெல்ட் இவற்றின் பக்கத்தில் நடப்பது விளையாட்டு இல்லை. கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் தொங்கும் எதையும் கழற்றிவிட்டு வா என்பார்கள், காரணம் தெரிந்ததுதான். கயிறு எதிலாவது மாட்டினால் முதலில் விடுபடுவது கயிறாக இருக்க வேண்டும், கழுத்தாக இருக்கக் கூடாது. நல்ல ஐடி கார்டு டேக்கில் பிடரிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருக்கும், வெடுக்கென்று இழுத்தால் விட்டுவிடும். கண்ணாடிக் கயிறுகளில் பாதிக்கு அது இல்லை. சிலிக்கான் வளையம் தானாகவே கழன்றுவிடும் என்று சிலர் வாதிப்பார்கள். கழலும், ஆனால் நான் வால்டியூப் போட்ட பிறகு கழலாது. நுனியை எவ்வளவு உறுதியாக்குகிறோமோ அவ்வளவுக்குப் பிடரியில் விடும் பூட்டு கட்டாயமாகிறது. ஆகவே என் கயிற்றில் ஐடி டேக்கின் பூட்டை வெட்டித் தைத்திருக்கிறேன். இன்னொரு நல்ல வடிவமும் உண்டு: கழுத்தைச் சுற்றாமல், இரண்டு நுனியும் பின்னால் ஒன்றாகச் சேர்ந்து, சட்டைக் காலரில் ஒரு கிளிப்பாக முடிவது. கழுத்தை நெரிக்க அதில் வளையமே கிடையாது.

குழந்தைகளுக்கு இன்னும் கவனம். ஐரோப்பாவின் ஈஎன் 14682 தரம் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்துப் பக்கமும் தலைமூடியிலும் இழுகயிறே கூடாது என்கிறது. சறுக்குமரத்தில் மாட்டி நெரிந்த குழந்தைகள்தான் அந்த விதிக்குக் காரணம். சட்டைக்குச் சொன்னது கண்ணாடிக்கும் பொருந்தும். பவர் கண்ணாடி போடும் சின்னப் பிள்ளைகளுக்குத் தலையின் பின்னால் தட்டையாக ஒட்டியிருக்கும் எலாஸ்டிக் பட்டைதான் சரி. தொங்கும் கயிறு வேண்டாம்.

எலாஸ்டிக் என்றதும் கலிபோர்னியாவின் ஜாக் ஓ'நீல் நினைவுக்கு வருகிறார். அலைச்சறுக்குக்கான நியோப்ரீன் உடையைப் பரப்பியவர். அவர் மகன் பேட், சறுக்குப் பலகை கையைவிட்டுப் போகாமலிருக்க அதை ஆளோடு இழுபடும் ரப்பர்க் குழாயால் கட்டும் யோசனையைக் கொண்டுவந்தார். 1970களின் தொடக்கத்தில் அப்படிக் கட்டிய பலகை ஒன்று ரப்பரின் இழுவிசையில் திரும்பிப் பாய்ந்து ஜாக்கின் இடக்கண்ணைப் பறித்தது. அதன்பின் கடைசிவரை கறுப்புக் கண்மூடி போட்டே இருந்தார். பலகையின் கனம் கண்ணாடிக்கு இல்லைதான். ஆனாலும் நன்றாக நீளும் கயிறுகளை எனக்குப் பிடிக்காது. எங்கோ மாட்டி இழுபட்டு விடுபட்டால் கம்பியின் நுனி திரும்பி வரும் இடம் முகம்.

என் அக்கா கதை வேறு. பள்ளிக்கூடத்தில் அவள் கழுத்தில் தாலிக்கொடி, ஐடி டேக், ஸ்டோர் ரூம் சாவி, கண்ணாடிச் சங்கிலி. காலையில் நான்கும் தனித்தனி, மதியத்துக்குள் ஒரே முறுக்கு. சடைக்கு அடியில் போட வேண்டுமா மேலே போட வேண்டுமா என்பதிலேயே இரண்டு கட்சி உண்டாம் ஆசிரியைகள் அறையில். அடியில்தான்; மேலே போட்டால் சடை அசையும்போதெல்லாம் கண்ணாடியும் அசையும். மணி கோர்த்த சங்கிலியை அவள் விடுவதாக இல்லை. பாயசம் பரிமாறும் நாளில் மட்டும் கழற்றி மேசையில் வைப்பாள், ஏனென்றால் தொங்கும் கண்ணாடி சரியாகப் பாத்திரத்தின் உயரத்துக்குத்தான் வரும்.

தீராத குறை ஒன்று பாக்கி இருக்கிறது: கீறல். மார்பில் தொங்கும் லென்ஸ் சட்டைப் பொத்தானில், லைஃப் ஜாக்கெட் ஜிப்பில், ஐடி கார்டின் கிளிப்பில் நாள் முழுக்க உரசுகிறது. நிலக்கரித் தூசு படிந்த லைஃப் ஜாக்கெட் என்றால் உப்புத்தாளில் தேய்த்த மாதிரிதான். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், உடையாது. ஆனால் மேற்பரப்பு மிருது, மேலே கீறல் தடுக்கும் பூச்சு இருந்தாலும் ஓரளவுக்குத்தான். கண்ணாடியைத் திருப்பி முதுகுப்பக்கம் தொங்கவிட்டுப் பார்த்தேன். உரசல் இல்லை, ஆனால் ஆபிசர் அறை நாற்காலியில் சாய முடியவில்லை. இப்போது லைஃப் ஜாக்கெட்டின் மார்புப் பகுதியில், ஜிப்புக்கு இடப்பக்கம், பழைய மென்துணி உறை ஒன்றைத் தைத்து வைத்திருக்கிறேன். கழற்றிய கண்ணாடி கயிற்றோடு அதற்குள் போய்விடும். கயிறு இருப்பதால் கை தவறினாலும் பயமில்லை. உறை இருப்பதால் லென்ஸ் பிழைக்கிறது. வாரம் ஒரு தடவை உறையை உதறித் துவைக்க வேண்டும். அதற்குள் சேரும் கரித்தூளைப் பார்த்தால், இதுவரை லென்ஸ் தாக்குப்பிடித்ததே ஆச்சரியம்.